ஆவுடையப்பன் வீட்டு வெட்டுத் துண்டுகள்

வெயிலுகந்தபுரம் மூன்றாவது தெருவில் ஆவுடையப்பன் தன் வீட்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து கட்டிங் மெஷினால் டைல்ஸ் அறுத்தபோது கிளம்பிய சத்தத்தில், தெருக்கோடி டீக்கடையில் பால் திரிந்துபோனது, எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சரின் கிளி கற்றுக்கொண்ட பேச்சையெல்லாம் மறந்தது, ஆடி மாதத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசாத ஒரு மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்து “இவன் நல்லா இருப்பானா?” என்று ஒரே குரலில் கேட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதெல்லாம் அதிசயத்தில் சேராது, காது கிழிகிற மாதிரி சத்தம் போட்டால் நடக்கக்கூடியதுதான். அதிசயம் மறுநாள் காலையில் தொடங்கியது, அதுவும் மீன் கழுவின தண்ணீராகத் தொடங்கியது.

ஆவுடையப்பனின் மனைவி பிரமுவுக்கு அந்த டைல்ஸே பிடிக்கவில்லை. பட்டாசலில், மற்ற ஊர்க்காரர்கள் ஹால் என்று சொல்கிற முன்னறையில், கண்ணாடி மாதிரி வழவழவென்று சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தது. மகள் செண்பகம் தவழ்ந்ததும், தட்டுத் தடுமாறி நடந்ததும், குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதியதும் அந்தத் தரையில்தான். அந்தச் செண்பகம்தான் பக்கத்து வீட்டு உலகம்மாளின் மகன் மகாராசனோடு, சாதி வேறு என்று தெரிந்தே, பட்டப்பகலில் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு வந்து, நேரே அடுத்த வாசலில் ஏறினாள். ஓடிப்போயிருந்தாலாவது ஊர் நான்கு நாள் பேசிவிட்டு மறந்திருக்கும், இவள் ஓடக்கூட இல்லையே, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாளே என்பதுதான் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மகள் செத்தாள், தலைமுழுகியாச்சு என்றார். கிழக்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். காம்பவுண்டுச் சுவரை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி, உச்சியில் பாட்டில் கண்ணாடியை உடைத்துப் பதித்தார். அவள் வளர்ந்த தரையும் கண்ணில் படக் கூடாது என்று வண்டி நிறைய டைல்ஸ் கொண்டுவந்து இறக்கினார். பிரமுவிடம் மட்டும் ஒரே ஒரு பேச்சுதான்.

“அந்த வாசலை மிதிச்சேன்னா, இந்த வாசலை மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

பிரமு அழவில்லை. அழுதால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று தெரிந்ததால் அழவில்லை.

டைல்ஸ் ஒட்ட வந்தவர் கைத்திறமைக்காரர்தான். முழு டைல்ஸை எல்லாம் நூல் பிடித்து ஒட்டி முடித்துவிட்டு, கிழக்குச் சுவரோரம் மீந்த கையகல இடத்துக்கு வெட்டித்தான் போட வேண்டும் என்று சொன்னவர், தாகமாக இருக்கிறது என்று வெளியே போனார். பிரமு செம்பை விளக்கித் தண்ணீர் மொண்டு வருவதற்குள், பக்கத்து வாசலில் உலகம்மாள் நீட்டிய தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டார். தாகத்துக்குச் சாதி தெரியுமா? ஆவுடையப்பனுக்குத் தெரியும்.

“அங்க தண்ணி குடிச்ச கையால என் தரையைத் தொடக் கூடாது. கிளம்பும்.”

“சரி அண்ணாச்சி, நீங்களே வெட்டிக்கிடுங்க,” என்றார் டைல்ஸ்காரர் கருவிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டே. “பிளேடுல தண்ணி விட்டு வெட்டுங்க. இல்லன்னா தெருவே மாவு மில்லு கணக்கா ஆயிரும்.”

ஆவுடையப்பன் கடைத்தெருவுக்குப் போய்ச் சொந்தமாகவே ஒரு மெஷினை வாங்கிவந்தார். தண்ணீர் விடவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்து, உலகம்மாள் வீட்டுக் கொடியில் துணி காய்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார், டைல்ஸை அறுக்கிறாரா யாருடைய கழுத்தையாவது அறுக்கிறாரா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரும்படி அறுத்தார், வெள்ளைத் தூசி சுவரைத் தாண்டி எழுந்து அந்த வீட்டுச் சேலைகள் மேலும் வேப்ப மரத்தின் மேலும் கோழிகளின் மேலும் இறங்கியது. ஐந்து மாத வயிற்றோடு துணி எடுக்க வந்த செண்பகம் இருமுகிற சத்தம் பிரமுவுக்குக் கேட்டது. மெஷினைப் பிடுங்கித் தெருவில் எறிந்தால் என்ன என்று தோன்றியது அவளுக்கு. ஆனால் எறியவில்லை. உள்ளே போய்க் குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் டைல்ஸ் போட்டாலும், வெட்டி மீந்த துண்டுகளைக் கேட்டு அக்கம்பக்கத்தார் வருவார்கள். குழாயடியில் பதிக்க ஒன்று, குடத்துக்குக் கீழே வைக்க ஒன்று, ஆடுகிற பீரோவுக்கு முட்டுக்கொடுக்க ஒன்று என்று கொண்டுபோவார்கள், கொடுப்பவரும் வெற்றிலை பாக்குக் கொடுக்கிற மாதிரி சிரித்த முகத்தோடு கையில் எடுத்துக் கொடுப்பார். ஆவுடையப்பன் யாருக்கும் கையில் கொடுக்கவில்லை. கிழக்கு ஓரத்தில் ஒட்டியது போக மீந்த எல்லாத் துண்டுகளையும் சாக்கில் அள்ளி, உலகம்மாள் வீட்டு வாசலில் தடதடவென்று கொட்டிவிட்டு வந்தார்.

உலகம்மாள் வெளியே வந்து பார்த்தாள். அவள் சண்டைக்குப் பேர்போனவள், ஆனாலும் அன்று குரலை உயர்த்தவில்லை.

“கொட்டினவனுக்குப் புத்தி இல்லன்னா, கொட்டுன சாமானுக்கு என்ன குத்தம்?” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்த் தன் குழாயடியைச் சுற்றி வரிசையாகப் பதித்தாள்.

மறுநாள் காலையில் பட்டாசலின் கிழக்கு ஓரம் முழுக்க ஈரம். ஆவுடையப்பன் சுவரில் கசிவு என்றார். சுவர் காய்ந்து கிடந்தது. ஓரத்துத் துண்டுகள் மட்டும் நனைந்திருந்தன, துடைக்கத் துடைக்க நனைந்தன, பிறகு கவிச்சி அடித்தது. கருவாட்டு வாசம்கூட நிலைப்படி தாண்டி வந்திராத வீடு அது. பிரமு மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தபோது, ஒரு வெட்டுத் துண்டின் மேல் மீன் இரத்தம் இளஞ்சிவப்பாகப் பரவி, யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிய மாதிரி அதுவாகவே வெளுத்து வடிந்தது. அடுத்த துண்டில் கோழிக்கால் தடம் ஒன்று விழுந்தது, அடுத்து இன்னொன்று விழுந்தது, கோழியைக் காணோம், தடம் மட்டும் சுவரோரமாகவே நடந்து போனது.

காரணம் தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. அன்று மத்தியானம் பிரமுவின் கை தவறி மஞ்சள்பொடி டப்பா ஓரத்தில் கவிழ்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உலகம்மாள், “எவடி இது குழாயடியில மஞ்சளைக் கொட்டினது?” என்று கத்தினாள். அந்த வீட்டில் அப்போது யாரும் மஞ்சளைத் தொட்டிருக்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் கூடிய தெரு இதைக் கேட்டு வாயைப் பிளக்கவும் இல்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. கரண்டு போனால் எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்று மட்டும் விசாரிப்பவர்கள் அவர்கள். எந்தத் துண்டுக்கு எந்தத் துண்டு ஜோடி என்றுதான் விசாரித்தார்கள். கடைக்காரர் தவசிக்கனி டீயை உயர்த்தி ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“வெட்டுதவனுக்குத்தாம்யா அது ரெண்டு. வெட்டுப்பட்டதுக்கு எப்பவும் ஒண்ணுதான். அதுக்குத் தெரியுமா நடுவுல சுவரு இருக்குன்னு?”

அதற்கு மேல் காரணத்தை யாரும் கிளறவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் வேறு அவசர வேலை இருந்தது. ஆவுடையப்பன்மேல் மனத்தாங்கல் இல்லாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. கோலம் தன் வாசல் எல்லைக்குள் வந்துவிட்டது என்று அவர் காலால் அழித்த வீடு ஒன்று, சாவு வீட்டுப் பந்தல் கம்பு தன் சுவரில் படுகிறது என்று பிணம் எடுக்குமுன்பே பிடுங்கச் சொன்ன வீடு ஒன்று, பிள்ளைகள் எறிந்த பந்தைக் கத்தியால் கிழித்துத் திருப்பிக் கொடுத்த வீடுகள் நிறைய. அவர்கள் எல்லாரும் வரிசையாக உலகம்மாள் வீட்டுக்குப் போய், “மதினி, ஒரு துண்டு இருந்தாக் குடுங்களேன்,” என்று கேட்டார்கள். உலகம்மாள் முறைப்படி, சிரித்த முகத்தோடு, கையில் எடுத்துக் கொடுத்தாள். குழாயை ஒட்டி, கால் வைத்து நிற்கிற இடத்துத் துண்டை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஆவுடையப்பன் வீட்டுப் பட்டாசலில் தெருவே குடியிருந்தது. ஒரு துண்டு டீக்கடை வாசலில் எச்சில் துப்புகிற இடத்தில் கிடந்தது. ஒன்று கோழிக் கூண்டுக்குள் போனது. ஒன்றை மொட்டைமாடி வெயிலில் வைத்தார்கள், உச்சிப்பொழுதில் ஆவுடையப்பனின் சாய்வு நாற்காலிக்குக் கீழே அடுப்பு மூட்டிய மாதிரி அனலடித்தது. கைக்குழந்தைக்காரிகள் அதிகாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு துண்டின் மேல் கால் விரித்துப் பிடித்து “ஸ்ஸ்” என்றார்கள். ஆவுடையப்பன் ஒருநாள் டீக்கடைத் துண்டைப் பிடுங்கிச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார். அவர் வீட்டுத் துண்டும் அதே மாதிரி நொறுங்கியது, அதோடு தெருவுக்கு ஒரு துண்டு பத்துச் சில்லாகக் கிடைத்தது, பொம்பளைப் பிள்ளைகள் அதைப் பொறுக்கிப்போய்ப் பாண்டி விளையாடினார்கள், நாள் முழுக்க அவர் வீட்டு மூலையில் புழுதி வந்து விழுந்தது.

இதற்கும் ஒரு நியாயம் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கூடிப் பேசியது. அமாவாசை அன்று யாரும் துண்டில் மீன் தண்ணீர் விடக் கூடாது, ஆவுடையப்பன் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் அவர் அப்பனுக்கும் தாத்தனுக்கும் சோறு வைக்கிற நாள் அது, செத்தவர்கள் நமக்கு என்ன கெடுதல் செய்தார்கள் என்று முடிவானது. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அமாவாசைகளில் அந்த வீட்டு ஓரம் காய்ந்து சுத்தமாகக் கிடந்தது, மறுநாள் பாட்டிமையில்தான் மறுபடி தொடங்கினார்கள்.

“பேத்துப் போட்டிருங்களேன்,” என்றாள் பிரமு.

“பேத்தா நான் தோத்தேன்னு ஆயிரும்.”

“இப்ப மட்டும் ஜெயிச்சிட்டா இருக்கீங்க?”

தானும் பதிலுக்குச் செய்யலாம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மிளகாய்த்தூளைக் கரைத்து ஊற்றினார், ஒரு கோழி கண் எரிந்து செத்தது. பினாயிலை ஊற்றினார், ஒரு வீட்டில் துண்டின் மேல் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரைக் கழுவாமல் எடுத்துக் குடித்து யாரோ வாந்தியெடுத்தார்கள். ஒருநாள் காலை, குழாயடியில் பாத்திரச் சத்தம் கேட்கிற நேரத்தில், பிரமு குளிக்க வைத்திருந்த வெந்நீர்த் தவலையைத் துணி வைத்துத் தூக்கி வந்து, இரும்புக் கட்டிலுக்குக் கீழே இருந்த துண்டின் மேல் கொதிக்கக் கொதிக்கக் கவிழ்த்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அலறல் உலகம்மாளுடையது.

உலகம்மாள் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

“அண்ணாச்சி, கையைச் சுட்டுட்டேருல்லா? நல்லா இரும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடும். அந்த இடத்துல தினமும் காலையில கால் கழுவ நிக்கது நான் இல்ல. உம்ம மக. இன்னைக்கு அவளுக்கு எந்திரிக்க முடியல, அதான் நான் உக்காந்தேன்.”

“எனக்கு மக கிடையாது,” என்றார் ஆவுடையப்பன்.

சத்தமாகத்தான் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்றே சொன்னார். கேட்டிருக்கும், ஏனென்றால் அங்கே அதுவரை ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. பிரமுவுக்கு அந்த நிமிஷம் முப்பது வருஷத்துக் கோபமும் ஒன்றாக வந்தது. இந்த மனுஷனுக்கு நான் எத்தனை வேளைச் சோறு வடித்திருக்கிறேன் என்று நினைத்தாள், அந்தச் சோற்றையெல்லாம் தின்று வளர்ந்ததுதானே இந்தக் குணம் என்றும் நினைத்தாள்.

அன்றிலிருந்து வெந்நீர் அடுப்பை அவள் அவர் கைக்கு விடவில்லை. காலையில் அவர் கோயிலுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு அந்தத் துண்டையே பார்த்தாள். முதலில் தண்ணீர் வரும், பிறகு ஈரக் கால் ஒன்று பதியும். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீண்ட கால். அப்படிக் கால் உள்ளவள் புருஷனை அடக்கி ஆள்வாள் என்று சொல்லி, பிறந்த அன்றே உறவுக்காரிகள் சிரித்த கால். கையகலத் துண்டில் முழுக்கால் பதியாது, விரல்களும் முன்பாதமும்தான் பதியும், அதுவும் பாதி வெட்டுப்பட்ட விளிம்பில் முடிந்துவிடும். பிரமுவுக்கு அது போதுமானதாக இருந்தது. சீமந்தத்தன்று, தாய்வீட்டுச் சோறு ஏழு வகையும் தாய்வீட்டு வளையலும் இல்லாமலே அங்கே சடங்கு நடந்தபோது, சந்தனமும் குங்குமமும் பன்னீரும் அந்தத் துண்டில் வடிந்து வந்தன. பிரமு கட்டிலுக்கு அடியில் கிடந்தபடியே அந்தச் சந்தனத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு, பெற்ற தாய் திருடி மாதிரி தரையில் கிடக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம் வந்து, கட்டிலின் இரும்புக் காலைக் கையால் குத்தினாள். கைதான் வலித்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் அந்தக் கால் மாறத் தொடங்கியது. விரல்களுக்கு நடுவே தெரிகிற இடைவெளி குறைந்தது. முன்பாதம் அகன்று தட்டையானது. ஒரு வாரத்துக்குள் விரல் தனித்தனியாகத் தெரியாமல், அப்பி வைத்த மாவு மாதிரி ஒரே திட்டாக விழுந்தது. தலைச்சன் பிள்ளைக்குக் கால் வீங்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். பிரமுவின் அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கு முதலில் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது, கண் மங்குகிறது என்றாள், ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் வலிப்பு வந்து, வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பிரமுதான். வீங்கின காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் என்று அவள் கைக்குத் தெரியும்.

அவள் ஆவுடையப்பனிடம் போய் நின்றாள். “அவ கால் வீங்கியிருக்கு. நல்ல வீக்கம் இல்ல. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்.”

“யாரு கால்?”

“வேணும்னே கேக்காதீங்க.”

“தலைமுழுகினதுக்குக் கால் ஏது, கை ஏது?” என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் புரட்டினார். அவர் எதையும் படிக்காமல் தாளை முன்னும் பின்னும் புரட்டுவதைப் பிரமு பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

கீரை வாங்குகிற சாக்கில் கேட்டருகே போய் நின்று, ரோஸ்லின் டீச்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளை லாரியோடு வடக்கே போயிருக்கிறான், உலகம்மாளுக்கு இந்த வீக்கம் தெரியாது, நீங்கள் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். டீச்சர் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

“அவ போவ மாட்டேங்கா பிரமு அக்கா. உலகம்மா அழுது பாத்துட்டா. ‘எங்க அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சது?’ன்னு கேட்டா. கட்டிலுக்கு அடியில படுத்துப் பாக்கீங்கன்னு சொல்லிட்டேன். அவளுக்கு வந்ததே ஒரு கோவம்! அப்படியே அவங்க அப்பன்தான்.”

பெற்றவர் செத்துப்போனாள் என்று அறிவித்த மகளுக்கு அவர் குணம் மட்டும் சாகாமல் அப்படியே வந்திருந்தது. மறுநாள் காலை ஆவுடையப்பன் குளித்துக்கொண்டிருந்தார். பிரமு கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். துண்டில் கால் வந்து விழும் நேரம், ஆனால் கால் விழவில்லை. விளிம்பில் கம்பியால் நெம்புகிற மாதிரிக் கீறல் விழுந்தது, ஈர மண் அப்பியது, ஒரு கையின் ஐந்து விரலும் பதிந்தன. அந்த விரல்களும் வீங்கியிருந்தன.

பிறகு கேட்டு வாசலில் ‘ணங்’ என்று கல்லில் கல் வைத்த சத்தம் கேட்டது.

“அம்மா!”

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். பிரமு அவசரமாக எழுந்ததில் கட்டில் விளிம்பில் தலை இடித்தது.

“அம்மா, உன் துண்டைக் கொண்டாந்து உன் வாசல்லயே வச்சிருக்கேன். ஒளிஞ்சுகிட்டுப் பாக்காத. தரைக்குத் தெரிஞ்சா போதுமா எனக்குக் கால் வீங்கினது? தலைப்பிரசவத்துக்குப் பெத்தவதான் கூட வரணும். நீ வந்தா ஆஸ்பத்திரிக்குப் போறேன். வரலன்னா போவ மாட்டேன். என்ன ஆனாலும் சரி, இந்த வாசல்லதான் ஆவும்.”

சொன்னபடியே தெருவில், கேட்டுக்கு எதிரே, ரோஸ்லின் டீச்சர் போட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். தெரு முழுக்க வந்து கூடியது. தவசிக்கனி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆட்டோவோடு வந்து நின்றார். உலகம்மாள் ஒரு பக்கம் மருமகளைத் திட்டினாள், மறுபக்கம் தன் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஆவுடையப்பன் இடுப்பில் ஈரத் துண்டோடு குளியலறையிலிருந்து வந்தார். பட்டாசலைக் கடக்கும்போது பிரமுவைப் பார்த்து விரலை நீட்டினார்.

“நீ உள்ள இரு. நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் வெளியே போனார். உயர்த்திக் கட்டிய சுவர் மறைத்ததால் பட்டாசலிலிருந்து கேட்டு தெரியாது. பிரமு மறுபடி தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். துண்டின் மேல் ஈரக் கால் ஒன்று விழுந்தது, அகலமான, விரல்கள் விரிந்த கால், அவள் முப்பது வருஷமாகப் பார்க்கிற கால். விரல்கள் தெருவைப் பார்த்திருந்தன. போகிறார், பெற்ற வயிறு இல்லாவிட்டாலும் பெற்ற மனம் இருக்கிறது, போய்விடுவார் என்று பிரமு வாய்விட்டே சொன்னாள். அந்தக் கால் அங்கேயே நின்றது. அவர் மகளின் வீங்கிய முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று பிரமுவுக்குத் தெரிந்தது. அடுத்த கால் துண்டைத் தாண்டித் தெருவில் இறங்கும் என்று எதிர்பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கால் தேய்ந்து திரும்பியது. அதே துண்டில், பழைய ஈரத்தின் மேலேயே புதிய தடம் விழுந்தது. விரல்கள் வீட்டைப் பார்த்திருந்தன.

பிரமு எழுந்தாள். சேலையை உதறி இடுப்பில் செருகினாள். நடையில் அவர் எதிரே வந்தார். அவருடைய முகம் சாம்பல் பூத்திருந்தது, கண் கலங்கியிருந்தது, அது எதுவும் யாருக்கும் உதவாது என்று அவளுக்குத் தோன்றியது.

“எங்க போற? சொன்னது ஞாபகம் இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“அங்க மிதிச்சா இங்க வரக் கூடாது.”

“வரணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா? சோறு அடுப்புல இருக்கு. இறக்கத் தெரியும்னா இறக்கித் தின்னுங்க.”

அவர் வழியை விடாமல் நின்றார். அவள் அவர் தோளில் இடித்துக்கொண்டே கடந்துபோனாள். வாசலில் கால் கழுவ வைத்திருந்த வாளியில் செம்பை முக்கி இரண்டு காலிலும் தண்ணீரை ஊற்றினாள். வெளியே போகிறவர் யாரும் கால் கழுவிக்கொண்டு போவதில்லை, தெருவில் நின்றவர்கள் அதை விசித்திரமாகப் பார்த்தார்கள். கேட்டில் கிடந்த துண்டின் மேல் வலது காலை வைத்து, உடல் பாரம் முழுக்க இறக்கி, ஈரம் நன்றாகப் பதியும்வரை நின்று அழுத்தினாள். விரல்கள் தெருவைப் பார்த்திருந்தன. இடது காலையும் கொண்டுவந்து அதேபோல வைத்து அழுத்தினாள். அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறபோது அவள் எந்தப் பக்கம் போனாள் என்பதில் சந்தேகமே வரக் கூடாது. பிறகு தெருவில் இறங்கி, மகளின் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கினாள்.

“ஏறுட்டி ஆட்டோவில. புத்தி கெட்டவளே,” என்றாள்.